தண்ணி மட்டும் போதும்

காலை பதினொன்று இருபதுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் நினைவிருக்கக் காரணம், ‘ஒரு மணிக்கு வந்துருவோம், எங்களுக்குச் சமைக்காத’ என்று மகள் குன்னூரிலிருந்து அனுப்பிய செய்தி அப்போதுதான் கைப்பேசியில் வந்தது. அதைப் படித்துவிட்டுத் தேயிலைச் சரிவில் ஏறிப் போய் மேலே இருக்கும் வால்வைத் திறந்தேன். முழுவதுமாகத் திறந்தேன். எங்கள் மலையில் தண்ணீரை எல்லோரும் அப்படித்தான் திறப்போம்.

கீழே, இலை ஏற்ற வரும் லாரி திரும்புகிற சமதரையில், மகளுடைய கேரவன் நின்றிருந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய பேருந்து அல்ல. ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுத்து வருகிற வெள்ளை நிறப் பெட்டி. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு சிறு தொட்டி, ஒருவர் நின்று குளிக்கும் அளவுக்கு ஒரு மூலை. மகளும் மருமகனும் கணினியில் வேலை செய்கிறவர்கள். ஊர் ஊராக அதை இழுத்துக்கொண்டு போய், போகிற இடத்தில் இருந்தபடியே வேலையையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

“டீச்சரம்மா, ஒங்க மக வூட்டையே முதுகுல தூக்கிட்டு வந்திருச்சே, நத்தையாட்டம்!” என்று அவர்கள் வந்த மறுநாளே பக்கத்துத் தோட்டத்தில் இலை பறிக்கிற அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். சின்ன வயதில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். மகளைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவளுக்கு எதையும் சொல்ல உரிமை உண்டு.

“நத்தைக்குப் பயம் வந்தா உள்ள போயிரலாம் பெரியம்மா. அது வசதிதானே?” என்றாள் மகள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் ஏன் சொந்த வீட்டுக்கு முன்னால் ஒரு வண்டிக்குள் தங்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மருமகன் வேறு சாதி. பதிவுத் திருமணம் செய்த அன்று இருவரும் கழுத்தில் மாலையோடு வந்து எங்கள் வாசலில் நின்றார்கள். என் கணவர் கதவைச் சாத்தவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, சமையலறை வழியாகப் பின்பக்கம் போய், தேயிலைக்குள் இறங்கி எங்கோ போய்விட்டார். நான் “வாங்க” என்றேன். இரண்டு முறை சொன்னேன். என் சொல் அவளுக்குப் போதவில்லை. வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்புறம் இரண்டு வருடம் அவள் இந்தப் பக்கம் வரவில்லை.

இந்த முறை வரப்போவதாகத் தொலைபேசியில் அவளே சொன்னாள். “நம்ம ஊட்டுக்கு வரலைம்மா. அந்தப் பக்கம் வர்றோம். எங்ககிட்ட வண்டி இருக்குது, அதுலயே சமைச்சுக்குவோம், அதுலயே படுத்துக்குவோம். நிறுத்தறதுக்கு எடமும் தண்ணியும் குடு. தண்ணி மட்டும் போதும்.”

“என்ன கண்ணு, விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் பேசற?”

“ஒறம்பரைன்னா உள்ள கூப்புடுவாங்கம்மா.”

அவளே குரலைத் தணித்துக்கொண்டு, “அப்பா வாயால வான்னு ஒரு சொல்லு சொல்லட்டும். அன்னைக்கு வர்றேன்” என்றாள்.

கணவரிடம் சொன்னேன். வண்டி வரப்போவதைச் சொன்னேன், கடைசியாக அவள் சொன்னதையும் சொன்னேன். அவர் செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டே, “லாரி திரும்பற எடத்துல நிறுத்துனா லாரி எங்க திரும்பும்?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் பார்த்தால், அந்தச் சமதரையின் ஓரத்தில் மண்டிக்கிடந்த உண்ணிச்செடியை எல்லாம் அவரே வெட்டி இழுத்துப் போட்டு இடத்தை அகலப்படுத்திக்கொண்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் லாரிக்கு என்று சொல்வார்.

அவர்கள் வந்த மாலையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. நான் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே போனேன். கணவர் வீட்டுக்குள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மகள் இளைத்திருந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டியின் பக்கவாட்டில் நிறுத்தினாள்.

“நீதான் தண்ணி குடுக்கறவ. அதனால மொதல்ல இத கத்துக்க.”

அவள் சொல்லிக்கொடுத்தாள், நான் கற்றுக்கொண்டேன். முப்பது பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து அறிவியல் பாடம் நடத்துகிறவள் நான். என் மகளிடம் பாடம் கேட்பது அதுதான் முதல் தடவை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அசட்டுத்தனமாகத் தோன்றும்.

வண்டியின் வயிற்றுக்கு அடியில் இரண்டு டேங்குகள். ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று கழிவுத் தண்ணீர். வெளிப்பக்கம் சின்ன மூடி போட்ட ஒரு வாய் இருக்கிறது. அதில் ஓஸை விட்டு, கையால் பிடித்துக்கொண்டு, மெதுவாக டேங்கை நிரப்ப வேண்டும். உள்ளே சுவரில் நான்கு விளக்குகள். நான்கும் எரிந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். குழாயைத் திறந்தால் தானாகத் தண்ணீர் வராது. முதலில் பம்பின் சுவிட்சைப் போட வேண்டும். போடும் முன்னால் கடைசிக் குழாயைத் திறந்துவைக்க வேண்டும், இல்லையென்றால் காற்று அடைத்துக்கொள்ளும். பம்பு கொஞ்ச நேரம் உறுமும், பிறகு தானாக அடங்கிவிடும். அடங்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது டேங்க் காலி.

“எங்க, நீ சொல்லு பாக்கலாம்,” என்றாள்.

சொன்னேன். பம்புக்கு முன்னால் குழாய் என்பதை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டேன்.

“பெயிலு. இம்போசிசன் எழுதிட்டு வா,” என்றாள். மருமகன் உள்ளே இருந்து, “அத்தை, எனக்கு ஒரு வாரம் ஆச்சு. நீங்க பரவாயில்லை,” என்றான். நல்ல பையன். தஞ்சாவூர்ப் பக்கம். பேச்சில் அந்த ஊர் இழுப்பு இருக்கும்.

பிறகு நான் ஓஸைப் பிடித்து நிரப்பினேன். நான்கு விளக்கும் எரிந்ததை உள்ளே இருந்து அவள் கூவிச் சொல்வதற்குள், அடியில் இருந்த இன்னொரு குழாய் வழியாகத் தண்ணீர் பீறிட்டு என் காலை நனைத்தது. வெடித்துவிட்டது என்று நினைத்து அலறினேன். அது நிரம்பி வழியும் குழாயாம். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. வீட்டுக்குள்ளும் அது கேட்டிருக்கும்.

நிரப்புகிற வாய்க்குப் பக்கத்தில் மரை போட்ட இன்னொரு வாய் இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். “அது டவுன்ல, குழாய்த் தண்ணி கனெக்சன் இருக்கற எடத்துல மாட்டறது. நேரா உள்ள வந்துரும். டேங்கும் வேண்டாம், பம்பும் வேண்டாம். நாங்க இதுவரைக்கும் மாட்டுனதில்ல,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாட்டாதே என்று சொல்லவில்லை. மாட்டலாம் என்றும் சொல்லவில்லை. இதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அவர்கள் இருக்கும் வரைக்கும் நான் பள்ளிக்கு விடுப்புப் போட்டிருந்தேன். அடுத்த நாளும் மூட்டம் விலகவில்லை. வண்டியின் கூரையில் இருக்கும் தகடு வெயிலில்தான் பேட்டரியை நிரப்பும். வெயில் இல்லாததால் பேட்டரி இறங்கி, பம்பு தொண்டை கட்டியவன் மாதிரி இழுத்து இழுத்து உறுமியது. மகள் தண்ணீரைச் சிக்கனம் செய்ய ஆரம்பித்தாள். நூல் மாதிரி குழாயைத் திறந்து டம்ளர் கழுவினாள். உடம்பில் சோப்புப் போட்டுக்கொண்டு, பம்பை நிறுத்திவிட்டு, நடுங்கிக்கொண்டே நின்று தேய்த்து, மறுபடி ஒரு நிமிடம் திறந்து குளித்தாளாம். அவளே பெருமையாகச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு மேலே சோலைக்குள் ஓர் ஊற்று இருக்கிறது. கோடையிலும் வற்றியதில்லை. அங்கிருந்து கருப்பு ஓஸ் போட்டு இறக்கியிருக்கிறோம். மோட்டார் என்பதே எங்களுக்குத் தெரியாது, தண்ணீர் தானாக ஓடி வரும். அதில் விளையாடி வளர்ந்த பெண், அதே தண்ணீரின் காலடியில் நின்றுகொண்டு டம்ளர் கணக்கில் குளிக்கிறாள்.

“உள்ள வந்து குளிச்சுட்டாவது போ கண்ணு. சுடுதண்ணி வெச்சுத் தர்றேன்.”

“அப்பா கூப்புட்டாராம்மா?”

மூன்றாம் நாள் காலையில் கணவர் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். “வேல இருக்குது” என்றார். ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்கு என்ன வேலை? மேல்ரோட்டுக்குப் போய் பஸ் ஏறிவிட்டார். திருமண நாளில் எழுந்து போனது மாதிரியே போய்விட்டார் என்று நினைத்தேன். கண்ணெதிரில் அவர்கள் நடமாடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

கொஞ்ச நேரத்தில் மகளும் மருமகனும் ஜீப்பைக் கழற்றிக்கொண்டு குன்னூருக்குப் போனார்கள். அவனுக்கு அலுவலகத்தில் ஏதோ முகம் பார்த்துப் பேசும் கூட்டம். எங்கள் தோட்டத்தில் சிக்னல் நிற்காது. “டேங்கை மட்டும் நெரப்பி வைம்மா,” என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

டேங்கை நிரப்பினால் பம்பு வேண்டும், பம்புக்குப் பேட்டரி வேண்டும். அந்த மரை போட்ட வாயில் ஓஸை மாட்டிவிட்டால் எதுவும் வேண்டாம். ஊற்றே நேராக அவள் குழாயில் வந்துவிடும். வந்து திறந்தால் வீட்டில் வருவது போல் கொட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் குளிக்கலாம். தேயிலைக்குத் தெளிப்பான் மாட்டுகிற கப்ளிங் ஒன்று வீட்டில் கிடந்தது. பொருத்திப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது. கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மேலே போய் வால்வைத் திறந்தேன்.

திரும்பி வரும்போது முதலில் ஓர் இசை மாதிரி சத்தம் கேட்டது. பிறகு, யாரோ கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை உதைப்பது மாதிரி. பிறகு இன்னொரு உதை. ஓடிப் போய்க் கதவைத் திறந்தால், படியில் தண்ணீர் இறங்கி வந்தது.

அழுத்தம் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஒரு டப்பாவில் மேலும் கீழுமாக மூன்று ஓட்டை போட்டு, கீழே உள்ள ஓட்டையிலிருந்து தண்ணீர் ஏன் அதிக தூரம் பாய்கிறது என்று வருடா வருடம் பிள்ளைகளைக் கேட்கிறவள் நான். ஊற்றுக்கும் அந்தச் சமதரைக்கும் நடுவில் ஒரு மலைச்சரிவே இருக்கிறது. பிடியை விட்டால் எங்கள் ஓஸ் பாம்பு மாதிரி துள்ளும். வீட்டுக்குள் வரும் தண்ணீரைக்கூடத் திறந்த தொட்டியில் விழவைத்துத்தான் குழாய்க்கு எடுக்கிறோம். டவுன் தண்ணீரின் சன்னமான ஓட்டத்துக்காகச் செய்த பிளாஸ்டிக் குழாய் இதைத் தாங்காது என்று அன்று ஒரு கணமும் தோன்றவில்லை. ஊற்று எங்களுக்கு நல்லது மட்டுமே செய்திருக்கிறது.

வால்வை மூட மறுபடி சரிவேற வேண்டியிருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நான் மூடிவிட்டு வருவதற்குள் மெத்தை ஊறிவிட்டது. அடியில் இருந்த துணிப்பெட்டி ஊறிவிட்டது. தரையில் வைத்திருந்த மருமகனின் இன்னொரு கணினி ஊறிவிட்டது. பலகைகள் உப்ப ஆரம்பித்திருந்தன.

அப்போது செய்ததைத்தான் நான் எழுத வேண்டும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். வெளியே மூட்டமும் சாரலும். ஈரத்தை ஈரத்தில் எங்கே வைப்பது? வீட்டுக்குள் கொண்டுபோனேன். சமையலறையில் நெருப்பு மூட்டி, மகளுடைய துணிகளைக் கொடி கட்டிக் காயப் போட்டேன். மெத்தையைக் கூடத்துச் சுவரில் சாய்த்தேன். நாலைந்து நடை நடந்தபோது கலக்கமாக இருந்தது. அப்புறம் கலக்கம் குறைந்து, வேறு ஒன்று வந்தது. இன்று ராத்திரி அவர்கள் வண்டிக்குள் படுக்க முடியாது. மழையில் எங்கே போவார்கள்? உள்ளேதான் வர வேண்டும். அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உள்ளேதான் வர வேண்டும். அவளுடைய பழைய அறைக் கட்டிலில் சலவை விரிப்பை விரித்தேன். இரண்டு தலையணை போட்டேன்.

ஒரு மணிக்கு வந்தார்கள். மகள் வண்டியின் திறந்த கதவைப் பார்த்தாள். வெறும் கட்டிலைப் பார்த்தாள். நான் குடையோடு கீழே ஓடினேன்.

“ஒண்ணுமில்ல கண்ணு. பைப்பு ஒண்ணு விட்டுருச்சு. பயந்துக்காத.”

மருமகன் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் கைவிளக்கை அடித்துப் பார்த்தான். “ரெண்டு எடத்துல பிட்டிங் தெறிச்சுருக்கு. பிரஷரைக் குறைக்க ஒரு சாமான் இருக்கு அத்தை, நடுவுல மாட்டணும். நாங்க அதை வாங்கவே இல்ல. எங்க தப்புதான்,” என்றான்.

மகள் மரை போட்ட வாயில் மாட்டியிருந்த ஓஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “என் துணியெல்லாம் எங்க?” என்றாள்.

“உள்ள காயுது. மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வா கண்ணு. உன்ற ரூமுல படுக்கை விரிச்சு வெச்சிருக்கறேன். இன்னைக்கு ஒரு ராத்திரி…”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கலக்கத்தை மீறிக்கொண்டு அது வெளியே தெரிந்திருக்கும்.

“வேணும்னே பண்ணுனியாம்மா?”

“சாமி, இல்ல…”

“டேங்கை நெரப்புன்னுதானே சொன்னேன்? அதுல எதுக்கு மாட்டுன?”

“நீ நல்லா குளிக்கோணும்னு மாட்டுனேன் கண்ணு. வேறெதுக்கு?”

“விடு. அத்தை ஏதோ நல்லதுக்குச் செஞ்சாங்க,” என்றான் மருமகன்.

“நல்லதுக்குத்தான் எல்லாரும் செய்யறாங்க,” என்றாள். வீட்டை ஏறிட்டுப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது. “அப்பா எங்க?”

“வெளிய போயிருக்காரு.”

“எங்களப் பாக்கப் புடிக்காம போயிட்டாரா?”

நான் பதில் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். உண்மையில் எனக்குத் தெரியாதுதான். ஆனால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் வாய் வரவில்லை. நான் சும்மா இருந்ததை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

“சரி. துணிய எடுத்துக் குடும்மா.”

அரைகுறையாகக் காய்ந்த துணிகளை நானே கொடியிலிருந்து எடுத்து, மடித்து, அவள் காலடியில் கொண்டுபோய் வைத்தேன். ஒவ்வொன்றிலும் புகை வாசம். மெத்தையை நானும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தோம். அவன் வாசற்படிக்கு வெளியே நின்று கை நீட்டித்தான் வாங்கினான். அவளுடைய வைராக்கியத்தை அவனும் மதித்தான். மேட்டுப்பாளையத்தில் வண்டி சரிசெய்யும் நண்பன் ஒருவன் இருக்கிறான், இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுகிறோம் என்றான். “கோபம் தணிஞ்சதும் பேசுவா அத்தை. நீங்க மனசுல வச்சுக்காதீங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்க் கொக்கியை மாட்டினான்.

மகள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். அழுதிருந்தாள். கண்ணீரைத் துடைக்கவும் இல்லை. வண்டி நகர்ந்தபோது அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே போனது. வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இலை பறிக்கும் அம்மாள் வேலியோரம் வந்து, “ஏன் டீச்சரம்மா, ஒரு வாரம் இருக்கும்னுச்சே?” என்றாள். அவசர வேலை என்று சொன்னேன்.

இதை எழுதும் இந்த நாள் வரை மகள் என் தொலைபேசியை எடுக்கவில்லை. மருமகன் எடுக்கிறான். நல்லா இருக்காங்க அத்தை, என்கிறான். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போது நடுவில் நின்றுபோகிறேன், பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

அன்று மாலை சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். கொடி வெறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மேல்ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. மேல்ரோட்டிலிருந்து எங்கள் பின்கதவுக்கு ஒற்றையடிப் பாதை வரும். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் கீழே இருக்கும் சமதரை தெரியாது. கணவர் பின்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தலையெல்லாம் சாரல். காலையிலிருந்து எங்கே இருந்தார் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் வெகு நேரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகப் பிறகு ஒருவர் சொன்னார். கையில் இருந்த கறிப்பொட்டலத்தை மேடையில் வைத்தார். என்னைப் பார்க்காமல், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார்.

“அவுங்க ரெண்டு பேரையும் மேல வரச்சொல்லு. நான் வரச்சொன்னேன்னு சொல்லு. அந்தப் பையன் ஈரல் திம்பானான்னு கேட்டுட்டு வா.”